கதவோரத்து உபயப் பலகை

எங்கள் கண் பரிசோதனை பஸ்ஸில் உபயம் எழுதாத பொருள் ஒன்று உண்டென்றால் அது டயருக்குள் இருக்கும் காற்றுதான். மின்விசிறியில் உபயம், தண்ணீர் கேனில் உபயம், நோயாளி உட்காரும் ஸ்டூலின் அடியில்கூட உபயம். எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் அட்டையின் தலையில், கொடுத்தவர் பெயரை முதல் வரியைவிடப் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். கண்புரை முற்றியவர்கள் அதை மட்டும் கடகடவென்று படித்துவிட்டு அடுத்த வரியில் திணறுவார்கள். நர்ஸாக எத்தனையோ இடத்தில் குப்பை கொட்டியிருக்கிறேன். இந்தக் கேலிக்கூத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

பஸ்ஸை ஏதோ ஒரு கல்லூரி ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்டது. எங்கள் அறக்கட்டளை அதை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி, கண் பார்க்கும் கருவியும் ஒரு கட்டிலும் வைத்து வெள்ளை பெயின்ட் அடித்தது. கதவு மட்டும் பழைய கதவு. டிரைவர் சுவிட்சைப் போட்டால் காற்றின் அழுத்தத்தில் திறக்கும், காற்று இருக்கும்வரை திறந்து நிற்கும். காற்று இறங்கினால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

போன மாதம் உப்பிலியபுரம் முகாமில் அது தானாக மூடியது. காளியாயி என்ற அம்மாள் அப்போதுதான் படியில் கால் வைத்திருந்தார். கதவு தோளில் இடித்தது. டிரைவர் பெரியண்ணன் முன் சீட்டிலிருந்து பாய்ந்து வந்து பிடிக்காவிட்டால் ரோட்டில் விழுந்திருப்பார். தோள் வீங்கிப்போனது. ஸ்ரீரங்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் சேர்மன் ஹரிஹரசுதனுக்குப் போன் செய்தேன். அந்த அம்மாளுக்கு எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. யாராவது வீடியோ எடுத்தார்களா என்று கேட்டார்.

பிறகு கமிட்டி கூடியது. ஒருவர் கண் திருஷ்டி என்று கண்டுபிடித்து, கதவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொன்னார். தொழிற்சாலையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற இன்னொருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரை மாற்ற வைத்தார். மிளகாய் வாடியது, புதுக் கம்ப்ரசர் உறுமியது, கதவு தன் இஷ்டத்துக்கு மூடியது. கடைசியில் சேர்மன் தீர்ப்பு சொன்னார். பெரியண்ணன்தான் போனைப் பார்த்துக்கொண்டே சுவிட்சை அமுக்கியிருக்கிறார், அடுத்த முகாமுக்குள் கதவில்தான் கோளாறு என்று காட்டாவிட்டால் அவர் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான்.

பெரியண்ணன் அதற்கும் "சரிங்க சார்" என்றார். அவர் அப்படித்தான். காவிரி முக்கொம்பிலிருந்து மேற்கே ஏறிப் போகிறது என்று சேர்மன் சொன்னாலும் சரிங்க சார்தான். எனக்கு அந்த மனிதரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும். இந்த வயதில் வேறு யார் அவருக்கு ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? அதுவும் ஒரு கிழவியை இடித்தவர் என்று பேர் வாங்கிய பிறகு?

முகாமுக்கு முதல் நாள் பஸ்ஸை மன்னார்புரத்தில் அனீஸ் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். தனியாகப் போனால் அங்கேயும் சரிங்க சார் சொல்லிவிட்டு வந்துவிடுவார் என்ற பயம்தான்.

அனீஸ் வாய்ச்சொல்லில் வீரன். பஸ் உள்ளே நுழையும்போதே கதவு சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவேன் என்றான். கதவுக்கு மேலே இருக்கும் சிலிண்டரைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பரை மாற்றி, கிரீஸ் தடவி மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் கதவு விரியத் திறந்தது. நான் சொன்னேன்ல என்று அவன் கையைத் துடைத்தான். டீ வந்தது. டீ ஆறுவதற்குள் கதவு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மெதுவாக வந்து மூடிக்கொண்டது.

அடுத்து சுவிட்ச் என்றான். சுவிட்சை மாற்றினான். அதற்கப்புறம், பழைய பஸ் அப்படித்தான் இருக்கும் என்றான். வைத்தியம் தெரியாத டாக்டர் வயசாகிவிட்டது என்று சொல்வானே, அதே குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் படியில் ஏறிக் கதவோரச் சுவரில் சாய்ந்து நின்றேன். காதுக்குப் பக்கத்தில் உஸ்ஸென்று மெல்லிய சத்தம். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கைப்பட்டையில் ஓட்டை இருந்தால் இப்படித்தான் சத்தம் வரும். என் காதை ஒட்டி இருந்தது பித்தளை உபயப் பலகை.

அனீஸிடம் சோப்புத் தண்ணீர் கேட்டேன். அங்கே எதுவும் இல்லை, வெறும் பலகைதான் என்றான். நானே பக்கெட்டில் கரைத்துத் துணியால் பலகையைச் சுற்றித் தடவினேன். இடது மூலைத் திருகாணியிலிருந்து நுரை கிளம்பியது. பொங்கி வழிந்து, சேர்மன் பெயர், அவர் மனைவி பெயர், மகன்கள், மருமகள், போன வருஷம் பிறந்த பேரன் என்று குடும்பத்தையே குளிப்பாட்டியது.

பலகையைக் கழற்றியதும் விஷயம் விளங்கியது. சுவருக்குள் கதவுக்குக் காற்று போகும் டியூப் ஓடுகிறது. திருகாணி அதைத் துளைத்து, துளைத்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டும் இருந்தது. ரோட்டில் குலுங்கக் குலுங்க ஓட்டை பெரிதாகிக் காற்று கசிய ஆரம்பித்திருக்கிறது. பெரியண்ணன் எந்த சுவிட்சையும் அமுக்கவில்லை.

அந்தத் திருகாணி ஏறிய கதை எனக்குத் தெரியும். தொடக்க விழா அன்று காலையில் நான் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்தேன். ஆசாரி கொண்டுவந்த சின்னத் திருகாணியில் பலகை ஆடுகிறது என்று சேர்மனுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக் கதவுக்குப் போடும் நீளத் திருகாணியை வரவழைத்துப் பெரியண்ணனிடம் கொடுத்தார். உள்ளே டியூப் போகிறது என்று பெரியண்ணன் சொன்னார். அதெல்லாம் தள்ளிப் போகும், நீ முடுக்கு என்றார் சேர்மன். பெரியண்ணன் சரிங்க சார் என்று முடுக்கினார்.

சேர்மனுக்குப் போன் போட்டேன். காரில் வந்து இறங்கினார். டியூபைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், திருகாணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கொஞ்சமாவது முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கவில்லை.

"இதை முடுக்குனது யாரு?" என்றார்.

"நான்தாங்க சார்."

"அப்பறம் என்ன? நான் சொன்னது சரிதானே."

நான் விடவில்லை. யார் சொல்லி முடுக்கினார் என்று கேட்டேன். சொல்வதை ஆயிரம் பேர் சொல்வார்கள், கையில் திருப்புளி பிடித்தவனுக்குப் புத்தி வேண்டாமா என்றார். பெரியண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார். பேசாமல் இருந்தால் மனசு இரங்கி வேலையில் வைத்துக்கொள்வார் என்று அவருக்கு ஒரு நப்பாசை. சேர்மனோ, இப்போதைக்கு வேறு டிரைவர் கிடைக்கமாட்டான், நாளைக்கு முகாமை முடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு, பலகையில் காய்ந்திருந்த சோப்பைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார்.

அனீஸ் டியூபில் ஓட்டை விழுந்த துண்டை வெட்டிவிட்டுப் புது டியூபை இணைத்தான். பலகையைப் பசை போட்டு ஒட்டினான். ஆடவில்லை. முதலிலேயே பசை போட்டிருந்தால் ஒரு மனுஷனின் பிழைப்பு போயிருக்காது. பெரியண்ணன் கதவைத் திறந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கதவு அசையவே இல்லை. நல்லா நிக்குதுங்க என்று அவர் சந்தோஷப்பட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் உப்பிலியபுரத்தில் பந்தல், சேர்மன் படம் போட்ட பேனர், மைக், சாப்பாட்டுப் பொட்டலம். காளியாயியும் வந்திருந்தார். பெரியண்ணன் அவர் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். பரிசோதனை முடிந்ததும் சேர்மன் அந்த அம்மாளை மேடைக்கு வரவழைத்துச் சால்வை போர்த்தினார். பிறகு மைக்கைப் பிடித்தார். டிரைவர் ஒருவரின் அஜாக்கிரதையால் இந்தத் தாய்க்கு அடிபட்டதாகவும், எத்தனை வருஷம் உழைத்தவர் என்றும் பாராமல் அவரை இன்றோடு நிறுத்திவிட்டதாகவும், ஏழைகளின் பாதுகாப்பில் தான் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை என்றும் பேசினார். சொல்லும்போது தொண்டை தழுதழுத்தது. நடிக்கக்கூட இல்லை, அவரே அதை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கைதட்டினார்கள். பஸ் பக்கத்தில் பெரியண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. நான் மேடையேறி, நன்றியுரை சொல்லப்போகிறேன் என்று சேர்மன் நினைத்துக் கொடுத்த மைக்கை வாங்கினேன்.

"நான் இந்த பஸ்ஸோட நர்ஸு, செல்லக்கிளி. கதவு இடிச்சது பெரியண்ணன் தப்பு இல்லைங்க. சேர்மன் தன் பேர் போட்ட பலகைய மாட்ட, காத்து போற டியூப்ல திருகாணி ஏத்தச் சொன்னாரு. டியூப் போகுதுன்னு பெரியண்ணன் சொல்லியும் கேக்கல. பக்கத்துல நின்னு பாத்தவ சொல்றேன்."

சேர்மன் மைக்கைப் பிடுங்கினார். எனக்கும் அன்றோடு வேலை போய்விட்டது என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஊர் கொந்தளிக்கும் என்று நானும் எதிர்பார்த்துத்தான் இருந்தேன் போலிருக்கிறது. பந்தலில் யாருமே இல்லை. கைதட்டி முடித்த கையோடு பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், எல்லோரும் வரிசைக்கு ஓடிவிட்டார்கள். காளியாயிகூடச் சால்வையோடு அங்கேதான் நின்றார்.

பெரியண்ணன் மட்டும் துடைப்பதை நிறுத்திவிட்டு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து மேடையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.