பத்ராவுக்கு அடியில்

ஏப்ரல் பிறந்ததும் மாலதியின் கைக்குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. தாராவியில் கணவனின் அண்ணன் கணேசபாண்டியன் வீட்டுக்கு மேலே ஏற்றியிருந்த மாலா என்ற தகர மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரே அறை. கூரை, பத்ரா என்று அங்கே சொல்லும் தகரம். மதியத்தில் தோசைக்கல்லாகக் காயும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளியது.

தொண்ணூறடி ரோட்டுக் கடையில், ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டை வாங்கிவந்தாள் மாலதி. சுருளும் இடுப்பில் குழந்தையுமாக அவள் சந்துக்குள் நுழையும்போது கணேசபாண்டியன் ஏணியை மறித்து நின்றார்.

"என்னது இது?"

"பத்ராவுக்கு அடியில ஒட்டத்தான் அத்தான். பிள்ளைக்கு வெக்க தாங்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? இன்னிக்கு ஷீட் ஒட்டுவே. நாளைக்கு புது வீடு குடுக்க சர்வேக்காரன் வந்தா மாலா எங்களுதும்பே."

"சர்வேயப் பத்தி யாரு பேசுனா? பிள்ள முதுகப் பாருங்க."

"தம்பிக்காகத்தான் உங்கள இருக்கவிட்டேன். நெனப்பு இருக்கட்டும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி பிரேமலதா சிரித்தாள். "அடுத்து ஏசியும் வரும், பாத்துக்கிட்டே இருங்க."

மாலதி அவரை உரசிக்கொண்டு ஏறினாள். ஸ்டூல் போட்டு, கழுத்து நோக நோக, பசை தடவித் தனியாளாக ஒட்டி முடித்தாள். மறுநாள் மதியம் குழந்தை அழாமல் தூங்கியது.

அடுத்த வாரம் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பியபோது ஷீட்டெல்லாம் கிழிந்து சந்துச் சாக்கடை ஓரம் கிடந்தது. ஓடி ஏறினாள். கணவன் இசக்கிப்பாண்டி விடுமுறையில் வீட்டில்தான் இருந்தான்.

"நீங்க இருக்கும்போதே வந்து கிழிச்சாங்களா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "நான்தான் பிச்சேன். அண்ணன் சொன்னாவ. சண்ட வேண்டாமேன்னு..."

"சண்ட வேண்டாம்னா பிள்ள வேகட்டுமா?"

"ரெண்டு மாசம் பொறுட்டி. மழ வந்தா குளுந்துரும்."

அவள் குழந்தையை அவன் மடியில் போட்டுவிட்டு இறங்கினாள். கிழிசல்களைப் பொறுக்கி, பொதுக்குழாயில் கழுவினாள். பிரேமலதா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். காயவைத்து, துண்டு துண்டாக மறுபடி ஒட்டி, இடைவெளிகளில் டேப்பை இழுத்து அடைத்தாள். பிறகு அவனுடைய பாயையும் தலையணையையும் ஏணி வழியாகக் கீழே எறிந்தாள்.

"அண்ணன் வீடு கீழதான இருக்கு? அங்க போய்ப் படுங்க."

அவன் போனான். கீழே ஏற்கெனவே கணேசபாண்டியனும் மனைவியும் வளர்ந்த இரண்டு மகள்களும். இரண்டு நாள் பிரேமலதா வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் கத்தியது மாலாவரைக்கும் கேட்டது.

"வயசுப் பிள்ளைக உடுப்பு மாத்த எடமில்ல! உங்க தம்பி எத்தன நாளைக்கு இங்க கெடப்பாரு?"

"சும்மா இருட்டி. நானா கூப்பிட்டேன்?"

"பிய்க்கச் சொன்னது நீங்கதான? இப்ப அனுபவிங்க!"

வார முடிவில் கணேசபாண்டியனே தம்பியை மேலே போகச் சொன்னார். இசக்கிப்பாண்டி பாயோடு ஏணியின் உச்சியில் வந்து நின்றான்.

"மாலதி, உள்ள வரட்டா?"

"அண்ணன் திரும்பவும் பிய்க்கச் சொன்னா?"

"மாட்டேன்னு சொல்லுவேன்."

"இங்க சொல்லாதீங்க. அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க."

அவன் பாயை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினான். கீழே அண்ணனின் குரல் உயர்ந்தது. தம்பியின் குரலும் உயர்ந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாலதி அந்தக் குரலைக் கேட்டதில்லை. அவள் பாயை உள்ளே இழுத்துப் போட்டாள், கதவோரமாக.