குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக ஒரு ரீல்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலக்காயும் விற்கும் ஷாபாஸின் மனைவி ஹிஸானாவுக்கு, மகள் நௌரினை வைத்து ரீல் எடுப்பதுதான் வேலை. மகளுக்கும் அதுதான் வேலை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை செய்வதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. பள்ளி விட்டு வந்ததும் உடுப்பு மாற்றி, கம்பெனிக்காரர்கள் அனுப்பிய ஷாம்புவைப் புகழ்ந்து, முகம் வலிக்கச் சிரித்த பிறகுதான் சோறு. கொச்சியில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். அவளுக்குத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தெரியாது.

ஜூன் மாதம் குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்பு நாள் வந்தது. ஹிஸானாவுக்கு மனசு உருகிவிட்டது. செங்கல் சுமக்கும் சிறுமியாக மகளை நடிக்க வைத்து உலகத்தைத் திருத்த முடிவு செய்தாள். கல் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். தெர்மகோல் வைத்தால் கமெண்டில் கிழித்துவிடுவார்கள்.

வாசலில் காய்கறி விற்கும் மாயம்மாள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. சின்ன வயதில், விடியுமுன் வேனில் ஏற்றிப்போய்த் தீப்பெட்டி ஆபீஸில் உட்கார வைத்த பிள்ளைகளில் ஒருத்தி. இது தெரிந்ததும் ஹிஸானாவுக்கு ஒரே சந்தோஷம். அப்போதெல்லாம் எப்படி அழுவாய், இவளுக்குக் கொஞ்சம் காட்டு என்றாள்.

“அழ ஏது நேரம்? கை நின்னா அடி விழும்,” என்றாள் மாயம்மாள்.

அது வீடியோவுக்குச் சரிவராது என்று ஹிஸானா நினைத்துக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் படம் பிடித்தார்கள். கண்ணீர் வரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். நௌரினின் உள்ளங்கை சிராய்ந்தது. கடைசியில் ஒரு கல் நழுவிக் கால்விரலில் விழ, கண்ணீர் தானாக வந்தது. வெளிச்சமும் நன்றாக இருந்ததால் ஹிஸானா நிறுத்தவில்லை. மாயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள்.

குழந்தைகள் நல அதிகாரி ஸுப்ரியா ஜீப்பில் வந்து இறங்கினார். செங்கலைப் பார்த்தார், பிள்ளையின் கையைப் பார்த்தார், கொதித்துப்போனார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“நம்ம நௌரின் மோளல்லே?”

ஹிஸானா விஷயத்தை விளக்கினாள். இந்த விழிப்புணர்வுக்காகத்தான் தாங்களும் பாடுபடுவதாகச் சொன்ன ஸுப்ரியா, சாயா குடித்து, நௌரினோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது, தெருவில் கடை போட லைசன்ஸ் உண்டா என்று மாயம்மாளை விசாரித்தார்.

ரீல் லட்சக்கணக்கில் ஓடியது. அடுத்த வாரம் தோப்பும்படியில் நடந்த குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்புக் கூட்டத்துக்கு நௌரின்தான் சிறப்பு விருந்தினர். ஸுப்ரியாவே பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்து, வேலை செய்யும் குழந்தைகளுக்காக என்ன கேட்கிறாய் என்றார். அம்மா மனப்பாடம் செய்வித்தது நௌரினுக்கு மறந்துபோயிருந்தது.

“எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும்,” என்றாள்.

மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது. ஸுப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஷாபாஸ் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஹிஸானா போனோடு மேடை ஓரத்துக்கு ஓடி வந்தாள்.

“மோளே, சரியாப் பதியல. இன்னொரு தடவை சொல்லு.”

நௌரின் மைக்கைக் கீழே வைத்தாள். மேடையிலிருந்து இறங்கிப் போய், அத்தா ஷாபாஸின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

தூங்கும் முகம் அழகாக வந்திருந்தது. அந்த ரீல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக ஓடியது.