சத்தம் போடாத ஆளா வேணும்

ஏசி மெக்கானிக்குகள் மத்தியில் அவருக்கு 'சரவெடி' என்று பெயர். வேலையில் கைவைத்தால் மடமடவென்று முடித்துவிடுவார். முடிக்கிற வரைக்கும் வாய் ஓயாது. மெஷினைத் திட்டுவார், அதைச் செய்த கம்பெனியைத் திட்டுவார், தனக்கு முன்னால் அதில் கைவைத்த மெக்கானிக்கைத் திட்டுவார், கடைசியில் வீட்டுக்காரர்களிடம் வந்து நிற்பார். "ஃபில்டரை எப்போ கழுவினீங்க? உள்ள பஞ்சு பஞ்சா அடைஞ்சு கிடக்கு. இது மெஷினா, தலையணையா?" என்பார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். வேலை சுத்தமாக இருக்கும் என்பதால் மறுபடியும் கூப்பிடுவார்கள். தான் ஒரு கலகலப்பான ஆள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கோடையின் உச்சத்தில் ஒரு மத்தியானம், மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, மாமியாரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினார்.

வாசற்படி ஓரத்தில் ஒரு பச்சை டூல் பெட்டி இருந்தது. மூடி திறந்துகொள்ளாமல் இருக்க சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டியிருந்தது. அந்தப் பெட்டியை அவருக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒரே கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்தவருடையது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அடுத்த ஸ்க்ரூவுக்குப் போவதற்குள் டீ ஆறிவிடும் என்பதால், அந்த ஆளுக்கு 'நத்தை' என்று பெயர் வைத்ததே சரவெடிதான்.

கதவைத் திறந்த மாமனார் கையும் களவுமாக அகப்பட்டவர் போல விழித்தார். பஸ் ஓட்டி ரிட்டயரான மனிதர். சாதாரணமாக எதற்கும் அசரமாட்டார்.

"வாங்க மாப்பிள்ளை... என்ன இந்தப் பக்கம்? ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே."

"மாமனார் வீட்டுக்கு வர போன் பண்ணணுமா மாமா? யாரு வந்திருக்கா?"

"அது... தண்ணி ஃபில்டர் பாக்க ஒருத்தர்..."

ஹாலில் நத்தை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கையில் தெர்மோஸ்டாட்டின் மூடி. பக்கத்தில் மாமியார், அந்தக் கொதிக்கிற மத்தியானத்தில், கம்பளிச் சால்வையைக் காதோடு சேர்த்துப் போர்த்தியிருந்தார். வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. வியர்த்து வந்த சரவெடிக்கு முதுகுச் சட்டை சில்லென்று ஒட்டியது.

நத்தை மெதுவாகத் திரும்பினார். "அட, சரவெடி. நீ எங்க இங்க?"

மாமனார் மாமியாரைப் பார்த்தார். கடைசியில் மாமியார்தான், "எங்க மாப்பிள்ளை," என்றார்.

நத்தை சரவெடியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், கையிலிருந்த மூடியைப் பார்த்தார். "சரி," என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு மொத்தமாக ஒரே ஏசி. மெஷின் மொட்டை மாடியில் இருந்தது. எல்லா அறைக்கும் குளிர்காற்று போக குழாய்கள். ஹால் சுவரில் மாட்டிய உள்ளங்கை அளவுப் பெட்டிதான் தெர்மோஸ்டாட். வீட்டுச் சூட்டைப் பார்த்து மெஷினை ஓடவும் நிற்கவும் சொல்வது அதன் வேலை. கோடை ஆரம்பத்தில் அது தாறுமாறாகிவிட்டது. ஆட்கள் நடுங்கிக்கொண்டிருக்க, பெட்டி முப்பது டிகிரி என்று காட்டியது. மெஷின் நிற்காமல் ஓடியது. அப்போது சரவெடிதான் கடையை மூடிவிட்டுப் பொழுது சாய்ந்தபின் வந்து, பத்து நிமிடத்தில் புதுப் பெட்டி மாட்டினார். மாட்டியதும் நம்பர் சரியாகக் காட்டியது. "யாரு இதைப் போட்டு நோண்டினது? மாமா, பஸ் கியர்னு நினைச்சீங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். அதன்பின் இங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தார்.

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். மாமியாரும் அதையே சொல்லி டீ கொண்டுவந்து கொடுத்தார். சரவெடி எழுந்திருக்கப் பார்த்தபோது, மாமனார் தோளில் கைவைத்து மூன்றாம் முறையும் உட்காரச் சொன்னார். மாப்பிள்ளை மரியாதையில் கட்டிப்போட்டது போல சோபாவில் உட்கார்ந்தார் சரவெடி.

நத்தை ஒரு சின்ன தெர்மாமீட்டரைப் பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி டேப் போட்டு ஒட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நேரம் போனது.

"என்னடா இது, முட்டை பொரிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பியா?" என்றார் சரவெடி. "சென்சார் போயிருக்கும். புதுசுலயும் ஓட்டை பீஸ் வரத்தானே செய்யுது. கழட்டிட்டு வேற மாட்டு."

"இருக்கலாம்," என்றார் நத்தை.

தெர்மாமீட்டர் இருபத்தொன்று காட்டியது. பெட்டியில் முப்பது.

"பாத்தியா? பொட்டி பொய் சொல்லுது. நான் சொல்லல?"

நத்தை மாமியாரிடம் திரும்பினார். "அம்மா, எந்த நேரத்துல இப்படி ஜாஸ்தியா ஆகுது?"

மாமியார் முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒரு கணம்தான். ஆனால் சரவெடிக்கு அது தெரிந்தது. திட்டு விழுமோ என்று டீச்சர் முகத்தைப் பார்க்கும் பிள்ளையின் பார்வை அது. தன்னைவிட இருபது வயது மூத்த ஒருத்தரிடம் அதைப் பார்க்க அவருக்கு என்னவோ போல் இருந்தது.

நத்தை காத்திருந்தார். அவருக்கு அவசரமே கிடையாது.

"வெயில் ஏற ஏறத்தான்," என்றார் மாமியார். "காலையில சரியா இருக்கும். பத்து பதினொண்ணுக்கு மேல பிடிச்சுக்கும். ராத்திரி ஆயிட்டா தானா அடங்கிடும்."

"எப்போ இருந்தும்மா?"

"அது வந்து..." மறுபடி அந்தப் பார்வை. "கேமராக்காரன் வந்துட்டுப் போனதுல இருந்து. வாசல்ல கேமரா மாட்டினானே, அதுல இருந்து. சுவத்தைத் துடைக்கிறப்போ அந்தப் பொட்டி கிட்ட சூடா காத்து வரும். கையில படும். எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ."

"அன்னிக்கே மாப்பிள்ளைகிட்ட இவ சொன்னாளே..." என்று ஆரம்பித்த மாமனார், பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

சரவெடிக்கு ஞாபகம் வந்தது. ஆமாம், சொன்னார். புதுப் பெட்டி மாட்டிய அன்று பின்னால் நின்றுகொண்டு, கேமராக்காரன், சூடான காற்று என்று என்னவோ சொன்னார். இவர் முழுசாகக் கேட்கவில்லை. "கேமராவுக்கும் ஏசிக்கும் என்ன அத்தை சம்பந்தம்? விட்டா நான் வந்துட்டுப் போனதாலதான் உங்க மிக்ஸி கெட்டுச்சுன்னு சொல்வீங்க போல," என்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்ததாகத்தான் நினைவு.

நத்தை பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினார். பின்னால் வயர் வரும் ஓட்டை, கட்டைவிரல் நுழைகிற அளவு. அதன்முன் புறங்கையை நீட்டினார். பிறகு, "சரவெடி, இங்க வா," என்றார்.

இந்த முறை மாமனார் தடுக்கவில்லை. சரவெடி கையை நீட்டினார். சுவருக்குள்ளிருந்து இஸ்திரிப் பெட்டியை நெருங்கியது போல அனல் வீசியது. பெட்டி பொய் சொல்லவில்லை. தன் முதுகில் பட்ட சூட்டைத்தான் அது காட்டியிருக்கிறது.

நத்தை ஒரு துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, பெட்டியை மறுபடி மாட்டிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது இருபத்தெட்டாயிற்று. இருபத்தாறு. இருபத்துநாலுக்கு வந்தபோது மாடியில் மெஷின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. வீடு திடீரென்று அமைதியாகி, அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மாமியார் சால்வையைக் காதிலிருந்து இறக்கினார்.

"மேல பாத்துடலாம்," என்றார் நத்தை. இருவரும் மாடி ஏறினார்கள்.

தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது. மெஷினுக்குப் பக்கத்தில், வயர்கள் சுவருக்குள் இறங்கும் குழாயின் வாய் ஆவென்று திறந்து கிடந்தது. கேமராக்காரன் தன் வயரையும் அதே குழாயில் விட்டிருக்கிறான்; விட்டவன் மூடியை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டான். கீழே ஏசி உள்காற்றை இழுக்க இழுக்க, மாடியின் அனல் குழாய் வழியாக இறங்கிப் பெட்டியின் முதுகில் அடித்திருக்கிறது. சரவெடி மண்டியிட்டு வயர்களை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள, நத்தை பிசைந்த மாவு போலிருந்த பட்டியை உருட்டி உருட்டி ஓட்டையை அடைத்தார். மூடியைப் போட்டு முடுக்கும் வரை சரவெடி ஒரு வார்த்தை பேசவில்லை. நத்தை ஒருமுறை நிமிர்ந்துகூடப் பார்த்தார், ஆள் இருக்கிறாரா என்று.

பிறகு சரவெடி கேட்டார். "உன்னை யாரு கூப்பிட்டது? மாமாவா?"

"இல்ல. ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அப்பா வீட்ல ஏசி கோளாறு, போய் பாருங்கன்னு."

"என்ன சொன்னா?"

நத்தை பட்டி ஒட்டிய விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும். "சத்தம் போடாம வேலை பாக்கிற ஆளா வேணும்னு கேட்டுச்சு," என்றார். "அது உன் வீட்டுக்காரம்மான்னு எனக்குத் தெரியாதுப்பா."

அன்று சாயங்காலம் சரவெடி வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். அம்மா அதற்குள் போன் பண்ணியிருப்பார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீதான் அவனைக் கூப்பிட்டியா?"

"ஆமா."

"ஏன்? நான் செத்தா போயிட்டேன்?"

"இதுக்குத்தான்," என்றார் மனைவி, ஒரு சட்டையின் கையை மடித்தபடி. "அம்மா ரெண்டு மாசமா சால்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. உங்ககிட்ட சொல்லுங்கன்னா வேணாம்ங்கறாங்க. மறுபடி நீங்க வந்து ஏதாவது கேலி பண்ணுவீங்க, எதுக்கு வம்புன்னு."

"என்னைக் கண்டா பயமா அவங்களுக்கு? நான் எப்பவாவது மரியாதைக் குறைவா..."

"பயம் எல்லாம் ஒண்ணும் இல்ல. உங்களைப் பிடிக்கும். உங்ககிட்ட ஒரு விஷயத்தை ஆரம்பிச்சா முடிக்க..."

"நான் எப்போ முடிக்க விடல? சும்மா எல்லாரும் சேர்ந்து..."

மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். சரவெடி வாயை மூடிக்கொண்டார். பிறகு குளிக்கப் போனார். குளியலறையில் நெடுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் முதல் வேலை ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டில். படுக்கையறை ஏசி குளிரவில்லை. சரவெடி ஏசியைத் திறக்காமல், "எப்போ இருந்து சார் இப்படி?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாத்தியார் ஆரம்பித்தார். முழங்கால் வலியில் தொடங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, மாடிவீட்டுக்காரர் கட்டில் இழுக்கும் சத்தத்தைத் தொட்டு, பழைய ஏசி எவ்வளவு உழைத்தது என்பதில் முடித்தார். சரவெடி கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டு கேட்டார். மொத்தப் பேச்சிலும் துப்பு எதுவும் இல்லை. திறந்து பார்த்தால் ஃபில்டர் முழுக்க அழுக்கு, பார்த்தவுடனே சொல்லியிருக்கலாம். அடுத்த இரண்டு வீட்டுக்கும் தாமதமாகப் போய் அங்கே பேச்சு வாங்கினார். மத்தியானத்துக்குள் பழைய மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்.

மாமியார் வீட்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு விடுமுறை நாளில் மனைவியோடு போனார். தெர்மோஸ்டாட் இருபத்துநாலு காட்டியது. மெஷின் நின்று நின்று ஓடியது. மாமியார் சால்வை இல்லாமல் இருந்தார்.

"இப்போ எப்படி இருக்கு அத்தை?"

"நல்லா இருக்கு மாப்பிள்ளை."

அவ்வளவுதான். சரவெடி தலையாட்டினார். மேலே ஏதாவது கேட்கலாமா என்று தெரியவில்லை. மாமனாரும் மனைவியும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் எதிரே உட்கார்ந்து மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. சரவெடிக்கு இது ஸ்க்ரூ முடுக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"பின் ரூம்ல மட்டும்," என்றார் மாமியார், கொஞ்சம் கழித்து.

குளிர்காற்று நேராகக் கட்டிலில் இறங்கும். மேலே காற்று வரும் வாயில் இருக்கிற தகட்டைத் திருப்பினால் போதும். அந்த அறைக்குள் போகாமலே சரவெடிக்குப் பதில் தெரியும். பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"பின் ரூம்ல மட்டும் காத்து நேரா தலையில அடிக்குது. அவருக்கு அது பிடிச்சிருக்கு, மூடக் கூடாதுங்கறாரு. எனக்குக் காது அடைச்சுக்குது. முப்பது வருஷமா பஸ்ல ஜன்னலைத் திறந்து வெச்சே ஓட்டின மனுஷன், காத்து முகத்துல அடிக்கலேன்னா தூக்கம் வராதாம். நான் தலையணையைக் கால்மாட்டுல போட்டுப் படுத்துக்கறேன். ராத்திரி எழுந்தா எது தலைமாடு, எது கால்மாடுன்னு தெரியாம முட்டிக்கறேன்."

சொல்லிவிட்டு மாமியாரே சிரித்தார். இவருக்கும் சிரிப்பு வந்தது.

தகட்டைத் திருப்பியிருந்தால் மாமனாருக்குத் தூக்கம் போயிருக்கும். சரவெடி பின் அறைக்குப் போய், கட்டிலைப் பார்த்தார், மேலே தகட்டைப் பார்த்தார். பிறகு மாமனாரைக் கூப்பிட்டு இருவருமாகக் கட்டிலைச் சுவர் ஓரத்திலிருந்து ஒரு சாண் இழுத்து, கொஞ்சம் சாய்த்துப் போட்டார்கள். காற்று இப்போது ஒரு தலையணையில் மட்டும் விழுந்தது. மாமியார் மற்றதில் படுத்துப் பார்த்து, "ம்," என்றார்.

வருஷாந்திர சர்வீஸுக்கு அந்த வீட்டுக்கு இன்றும் நத்தைதான் வருகிறார். அதை யாரும் மாற்றவில்லை, சரவெடியும் கேட்கவில்லை.