மெட்டுக்கு ஒரு மன்னிப்பு

ஒலிப்பதிவுக் கூடங்களில் அவருக்குத் 'தங்கக் காது' என்று பெயர். எந்தப் பாட்டு ஓடும், எது ஊத்திக்கொள்ளும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பித்தான் பாட்டுக் கம்பெனி தொடங்கினார், ஊர் பேர் தெரியாத பாடகர்களை ஆளாக்கினார். பிறகு என்ன ஆயிற்றோ, வெளியிட்ட பாட்டெல்லாம் வரிசையாக மண்ணைக் கவ்வின. இன்னொன்று ஊத்தினால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்றிருந்தபோது, மனைவியின் தம்பி வாஷிங் மெஷின் பழுதுபார்க்க வீட்டுக்கு வந்தான்.

திருப்புளியும் கையுமாக அவன் எதையோ முனகிக்கொண்டிருந்தான். இவர் கதவுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டார்.

"அதுவா? பொண்ணைத் தூங்க வைக்க அவனே போட்ட மெட்டு," என்றாள் மனைவி.

அடுத்த மாதமே அந்த மெட்டுக்கு டிரம்ஸும் கிடாரும் சேர்த்து, இசை என்று தன் பெயரைப் போட்டு வெளியிட்டார். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று மனைவி கேட்டபோதெல்லாம், "நேரம் பார்த்துச் சொல்லிடறேன்" என்று நழுவினார். நேரமா கிடைத்தது அவருக்கு! அந்த மெட்டு தன் மனதில் எப்படிப் பிறந்தது என்று பேட்டி பேட்டியாக வாய் கூசாமல் அளந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் மகளோடு வந்து நின்றான். மெட்டைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று இவருக்குப் பட்டது. கேட்டால் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். உங்க பாட்டை நான் என்னோடதுன்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன்."

"என்னப்பா சொல்றே?"

"இங்க வந்து போறப்ப உங்க வாயில கேட்டிருப்பேன் போல, மனசுல ஒட்டிக்கிச்சு. நமக்கெல்லாம் மெட்டு எங்க வரும்? மோட்டார் சத்தம்தான் வரும்." அவனே சிரித்துக்கொண்டான். "இவ என்னடான்னா, எங்கப்பா போட்டதுன்னு ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கா. புளுகுணின்னு கேலி பண்ணியிருக்காங்க, சண்டைக்குப் போயிட்டா. நானே போயி, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் 'பொய் சொன்னேன்'னு சொல்ல வச்சேன்."

இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். சொல்லுங்க, இப்பவாவது சொல்லுங்க என்று அவள் முகம் கெஞ்சியது. இவர் வாயைத் திறந்தார். கொடுத்த பேட்டிகள் அத்தனையும் வரிசையாக வந்து குறுக்கே நின்றன.

"மாமாகிட்டயும் மன்னிப்புக் கேளு," என்று மகளை முன்னால் தள்ளினான் அவன்.

சிறுமி அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலை குனிந்து, "மன்னிச்சிடுங்க மாமா," என்றாள்.

"பரவாயில்லம்மா. இனிமே அப்படிச் சொல்லாதே, என்ன?"

சொன்ன வாயை உடைக்கலாம் போல அவமானமாக இருந்தது அவருக்கு. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மச்சினன்தான் நெகிழ்ந்துபோய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"எவ்ளோ பெரிய மனசு மச்சான் உங்களுக்கு!"