அப்பன் பேர் முன்னால்

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை விவசாயிகள் நலச் சங்கத்துக்கு சர்வர் வந்தபோது, முதலில் வீடு காலி செய்தவர் சங்கத் தலைவர்தான். உத்தமபாளையத்தில் உள்ள சங்கக் கட்டடத்தில் ஏசி இருப்பது ஒரே ஒரு அறையில். அதுவரை அங்கே தலைவர் சுருளியாண்டி குளிர்ந்துகொண்டிருந்தார். இப்போது சந்தனம், குங்குமம், மாலை சகிதம் ஒரு கறுப்புப் பெட்டி குளிர்ந்துகொண்டிருந்தது. தலைவர் முன்கூடத்தில் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். இதைத் தமது தியாகம் என்று அவர் மூன்று கூட்டங்களில் பேசியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பேச்சு கொஞ்சம் நீண்டது.

சர்வரின் வேலை எளிது. கட்டப்பனையிலும் கோட்டயத்திலும் இருக்கும் கேரள வியாபாரிகள், எந்தத் தோட்டத்தில் என்றைக்குப் பழம் வெட்டுகிறார்கள் என்று பார்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே லோடு பதிவு செய்யலாம். புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் திறப்பு.

இதைக் கட்டி எழுப்பியவள் ராயப்பன்பட்டி அனிதா மேரி. சென்னையில் ஏழு வருஷம் பெரிய கம்பெனி சர்வர்களை மேய்த்துவிட்டு, ஊர் திரும்பி உத்தமபாளையம் பைபாஸில் கடை போட்டிருந்தாள். பலகையில் 'சர்வர், நெட்வொர்க்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும், உள்ளே வந்த அத்தனை பேரும் ஆதார் கார்டை நீட்டி ரெண்டு ஜெராக்ஸ் கேட்டார்கள். புதன்கிழமைத் திறப்பு பிசகாமல் நடந்தால் மூன்று வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் அவளுக்கு. பிசகினால் அது கோயம்புத்தூர் கம்பெனிக்கு. அவளுக்கு ஜெராக்ஸ் மெஷின். அனிதா மேரி பயப்படவில்லை. வேலை தெரிந்தவர்களுக்கு வேலையைக் கண்டு பயம் வராது. கமிட்டியைக் கண்டால்தான் வரும்.

போன வாரக் கமிட்டிக் கூட்டத்தில் அவள் ஒரே ஒரு தப்பு செய்தாள். சர்வருக்குப் பெயர் வைத்ததை விளக்கினாள்.

போர்டில் 'லோடு.திராட்சைசங்கம்.இன்' என்று எழுதி, "வியாபாரிங்க இதைத்தான் டைப் அடிப்பாக. முன்னால இருக்கிற லோடுங்கிறது இந்த மெஷினோட பேரு, ஹோஸ்ட் நேம். பின்னால திராட்சைசங்கம்.இன்ங்கிறது நம்ம டொமைன், அந்த 'இன்' இந்தியாவுக்கு. குடும்பப் பேரு மாதிரின்னு வச்சுக்கங்களேன்" என்றாள்.

தலைவர் விசிறுவதை நிறுத்தினார். "அப்ப சங்கம் அப்பன். மெஷின் மகன்."

"அப்படியும் சொல்லலாம் தலைவரே."

"மகன் முன்னால நிக்கிறான். அப்பன் பின்னால நிக்கிறான்."

"ஆமாங்க."

"ஆத்தா, என் பேரு என்ன? கோ.மொ.சுருளியாண்டி. கோன்னா கோம்பை. மொன்னா எங்கப்பா மொக்கச்சாமி. ஊரு, அப்பன், அதுக்கு அப்புறந்தான் நான். இந்த அறுபத்திரண்டு வயசுல ஒரு நாளாவது எங்கப்பனுக்கு முன்னால போயி நின்னிருப்பனா?"

வாய்க்கால் தகராறில் அப்பன் மீதே கேஸ் போட்டு, கோர்ட்டில் அவருக்கு எதிரே ஒன்பது வருஷம் தலைவர் நின்றது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஆனால் எதிரே நிற்பது வேறு, முன்னால் நிற்பது வேறு என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"உலகம் பூரா இந்த வரிசைதாங்க. மாத்த முடியாது" என்றாள் அனிதா மேரி.

"உலகமே தப்புப் பண்ணினா நாமளும் பண்ணணுமா?"

கைதட்டல் எழுந்தது. பேச்சு அத்துடன் முடிந்தது என்று நினைத்து அவள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கைதட்டல் விழுந்த இடத்தில் தீர்மானம் முளைக்கும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. 'சர்வரின் பெயர் நமது மரபுப்படி ஊர், தகப்பன், மகன் என்ற வரிசையில் அமைய வேண்டும்' என்று பதினான்காம் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நிறைவேற்றும் பொறுப்பு இணைச் செயலாளர் சுரேஷ்கண்ணனிடம் போனது. அவருக்கு இரண்டு தகுதிகள். தேவாரத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவர், தலைவரின் மாப்பிள்ளை. இரண்டாவது தகுதியால் டொமைன் அவர் பெயரில் வாங்கப்பட்டிருந்தது. பாஸ்வேர்டும் அவரிடம்தான்.

புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு, பந்தலில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தபோது, அனிதா மேரி தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். அப்படி ஒரு முகவரியே இல்லை என்றது போன்.

நேராக ஏசி அறைக்குப் போய் சர்வரைப் பார்த்தாள். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உன் பெயர் என்ன என்று ஒரு வரி அடித்துக் கேட்டாள். 'இன்.திராட்சைசங்கம்.லோடு' என்றது, தலைகீழாக. அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

முன்கூடத்துக்கு வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "டொமைன் பாஸ்வேர்டு வச்சு நேத்து வேலை பார்த்தது யாரு?"

எல்லோரும் சுரேஷ்கண்ணனைப் பார்த்தார்கள். அவர் பந்தலில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பார்த்தார்.

"தீர்மானத்துல உள்ளபடிதான் மேடம் செஞ்சேன். மெஷின்லயும் மாத்தி, நெட்லயும் மாத்திட்டேன். பழசை அழிச்சிட்டேன்."

அவரது லேப்டாப்பைத் திறக்கச் சொன்னாள். டொமைன் விற்ற கம்பெனியின் பக்கத்தில் பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கும். மெஷினின் பெயரை மட்டும் அதில் எழுதினால் போதும். டொமைனை அந்தக் கம்பெனியே பின்னால் ஒட்டிக்கொள்ளும். சுரேஷ்கண்ணன் கட்டத்துக்குள் மரபை முழுசாக எழுதியிருந்தார். கம்பெனி தன் பங்குக்கு ஒட்டியிருந்தது. திரையில் 'இன்.திராட்சைசங்கம்.லோடு.திராட்சைசங்கம்.இன்' என்று நீளமாக நின்றது.

பொருளாளர் பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். எட்டு ஏக்கர் கொடியைத் தனியாளாகப் பார்ப்பவள்; கமிட்டியில் ஒரே பெண். "முன்னாலயும் அப்பன், பின்னாலயும் அப்பன். பிள்ளை நடுவுல மூச்சு முட்டிக் கிடக்கு. ஏண்ணே, மரியாதை போதுமா, இன்னும் வேணுமா?"

"ஏலே" என்று ஆரம்பித்த தலைவர், எதிரே இருப்பது மகளைக் கட்டியவர் என்பது நினைவு வந்து, "மாப்பிள்ளை" என்று முடித்தார்.

"பின்னால வந்தது நான் போடல மாமா. அதுவா ஒட்டிக்கிருச்சு."

"பதினோரு மணிக்கு வியாபாரிங்க திறப்பாக" என்றாள் அனிதா மேரி. "இப்பவே பழையபடி மாத்தணும்."

"அதெப்படி தாயி?" என்றார் தலைவர். "தீர்மானம் போட்டாச்சு. மரபு விஷயம். மினிட் புக்குல ஏறியிருக்கு."

அனிதா மேரி மேசையிலிருந்த கவர் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். திறப்பு விழா அழைப்பிதழ், போனிலேயே சொல்லியாகிவிட்டதால் அனுப்பாமல் நின்றது. "இந்த விலாசத்தைக் கொஞ்சம் படிங்க தலைவரே."

தலைவர் கண்ணாடியை மாட்டி உரக்கப் படித்தார். "திரு. வர்கீஸ், மார்க்கெட் ரோடு, கட்டப்பனை, இடுக்கி மாவட்டம், கேரளா."

"ஆளு முன்னால, ஊரு பின்னால, மாநிலம் கடைசில. யாரு எழுதினது?"

"நாந்தான்."

"கேரளாவை முன்னால எழுதாம விட்டீகளே, மரபு என்னாச்சு?"

"இது கவரு தாயி. தபால்காரன் ஆளைக் கண்டுபிடிக்கணும்ல?"

"இதுவும் கவருதான். குடும்பப் பேருன்னு போன வாரம் நான் சொன்னதுதான் தப்பு. இது பேரே இல்ல தலைவரே, விலாசம்."

தலைவர் கவரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் உதவி ஏதும் எழுதியிருக்கவில்லை. தோற்றார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காகக் கொஞ்ச நேரம் யோசிப்பது போல இருந்துவிட்டு, "போட்ட தீர்மானத்தை இன்னொரு தீர்மானந்தான் மாத்தணும். அவசரக் கூட்டம் கூட்டுங்கப்பா" என்றார்.

அவசரக் கூட்டம் என்றாலும் கூட்டம் கூட்டந்தானே. தலைமை யார், முன்னிலை யார், வரவேற்புரை யார் என்று முடிவாக வேண்டியிருந்தது. செயலாளர் முத்துராமலிங்கம் வரவேற்புரையைத் தொடங்கி, திராட்சை இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த வரலாற்றிலிருந்து பிடித்தார். மணி பத்து முப்பத்தெட்டு.

"அண்ணே, இங்கன வாங்க" என்று சுரேஷ்கண்ணனை அறைக்குள் கூப்பிட்டாள் அனிதா மேரி. "பாஸ்வேர்டைப் போட்டுட்டு கையை எடுத்துருங்க."

"தீர்மானம் இன்னும்..."

"வரலாறு முடியுறதுக்குள்ள நான் முடிச்சிருவேன்."

அவர் போட்டார். கையை எடுத்தார். அவள் நீளமான பெயரை அழித்துவிட்டுக் கட்டத்தில் 'லோடு' என்று மட்டும் எழுதினாள். சர்வரிலும் பெயரைத் திருத்தினாள். சேமித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"இது உலகம் பூரா தெரிய ஒரு நாளாகும்னு எங்க சார் சொன்னாரே" என்றார் சுரேஷ்கண்ணன்.

ஒரு பெயர் மாறினால், மற்ற கம்ப்யூட்டர்கள் பழைய தகவலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நாமே சொல்லிவைக்கலாம். ஒரு மணி நேரம் என்று வைப்பவர்கள் உண்டு. ஒரு நாள் வைப்பவர்களும் உண்டு. கமிட்டியை முதல் நாளே பார்த்துவிட்ட அனிதா மேரி, ஐந்து நிமிஷம் என்று வைத்திருந்தாள்.

"அஞ்சு நிமிஷம்" என்றாள். "போயி டீ சொல்லிட்டு வாங்க."

டீ வருவதற்குள் பக்கம் வந்துவிட்டது. அவள் அதைத் தன் போனில் பார்த்தாள், சுரேஷ்கண்ணன் போனில் பார்த்தாள், டீ கொண்டுவந்தவர் போனிலும் வாங்கிப் பார்த்தாள். மூன்றிலும் திராட்சைக் குலை பளபளத்தது. பிறகு கூடத்துக்குப் போய், கைகட்டி நின்று கூட்டத்தைக் கேட்டாள். பழைய தீர்மானத்தை 'ரத்து' செய்வதா, 'திருத்துவதா' என்று விவாதம் நடந்தது. ரத்து என்றால் தலைவருக்குக் குறைச்சல் என்பதால் திருத்தம் என்று முடிவாகி, பத்து ஐம்பத்தேழுக்குப் பதினைந்தாம் தீர்மானம் நிறைவேறியது.

தலைவர் திரும்பினார். "இப்ப மாத்து தாயி."

"மாத்துறேங்க" என்று லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டினாள். பக்கம் விரிந்தது.

"பாத்தீகளா?" என்றார் தலைவர் சபையைப் பார்த்து. "முறைப்படி தீர்மானம் போட்டா மெஷினே கேக்குது!"

பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினொன்று நாலுக்குத் தலைவரின் போன் அடித்தது. கட்டப்பனை வர்கீஸ். ஸ்பீக்கரில் போட்டார்கள். "சேட்டா, ராவிலே நோக்கி, கிட்டியில்லா. இப்போ கிட்டி. இருநூறு பெட்டி புக் செய்து, கேட்டோ. நல்ல எளுப்பமா!" காலையில் கிடைக்காத பக்கம் இப்போது கிடைத்ததாம், ரொம்பச் சுலபமாம். பன்னிரண்டு மணிக்குள் பதினேழு லோடு ஏறிவிட்டது. ஒவ்வொரு லோடுக்கும் தலைவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வியாபாரிகளுக்கு அது தெரியாது.

சாப்பாடு முடிந்து ஒப்பந்தம் மேசைக்கு வந்தது. தலைவர் பேனாவைத் திறந்தவர், கடைசியில் கையால் எழுதிச் சேர்த்திருந்த வரியில் நின்றார். டொமைன் பாஸ்வேர்டு பராமரிப்பாளர் வசம் மட்டும் இருக்கும். ஒரு நகல் மூடிய கவரில் பொருளாளரிடம் இருக்கும். பெயர் மாற்றங்கள் பராமரிப்பாளர் சம்மதித்தால் மட்டுமே நடக்கும்.

"சங்கத்து சர்வரு. அது பேரை மாத்த சங்கத்துக்கே அதிகாரம் இல்லையா?"

"பத்தொன்பது வருஷமா தலைவர் பேரை மாத்துற அதிகாரம் சங்கத்துக்கு இல்லையே தலைவரே" என்றாள் அனிதா மேரி, மிகப் பணிவாக. "சங்கம் நல்லாத்தான நடக்குது?"

முதலில் சிரித்தது பாண்டீஸ்வரி. அப்புறம் முத்துராமலிங்கம், அப்புறம் எல்லோரும். தலைவர் சுற்றிலும் பார்த்தார். இது குத்தலா பாராட்டா என்று எடைபோட்டார். இவ்வளவு பேர் சந்தோஷமாக இருப்பதால் பாராட்டாகத்தான் இருக்கும் என்று முடிவுசெய்து, தாமும் சிரித்து, கையெழுத்துப் போட்டார்.

அனிதா மேரி அங்கேயே லேப்டாப்பைத் திறந்து டொமைனைத் தன் பொறுப்புக்கு மாற்றத் தொடங்கினாள். சுரேஷ்கண்ணன் போனுக்கு ஓடிபி வந்தது. ஆறு எண்களையும் அவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"அவ்வளவுதாண்ணே. இனிமே உங்களுக்கு இது வராது."

"அப்பாடா" என்றார் சுரேஷ்கண்ணன். பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் மனசாரப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.