ஊருக்குப் போன அக்கா

கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். யாரிடம்? காலையில் பல் விளக்குவதற்கு முன்பே யார் மேலாவது எரிந்து விழுந்துவிடுகிற என்னிடம்!

"கோபப்பட்டா பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினா தோலுக்குள்ள ரத்தம் கசியும். பல்லைக் கடிக்காதீங்க. குனியாதீங்க. சத்தம் போட்டுப் பேசாதீங்க. கழுத்தை மட்டும் தனியாத் திருப்பாதீங்க, திரும்பணும்னா உடம்போட சேர்ந்து திரும்புங்க."

உச்சந்தலையிலிருந்து தாடை வரை கட்டுப் போட்டு, ஒரு கண் பாதி மூடிய நிலையில் நான் கட்டிலில் சாய்ந்து கிடந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அதிலும் அந்த முதல் வரி அவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

ஐம்பத்தைந்து வயதில் முகத்தோலை இழுத்துத் தைக்கிற ஆபரேஷன் இவளுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும்தான் கேட்டார்கள். கேட்க வேண்டிய ஆள் மட்டும் அப்போது கேட்கவில்லை. ஏனென்றால் அவருக்குக் காரணம் தெரியும்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. நானும் அவரும்தான் முதலாளி, நானும் அவரும்தான் வேலையாள். அவர் கல்லாவில் உட்கார்ந்து பேசுவார், பேசுவதில் மனிதர் கெட்டிக்காரர். ஃபிரேம் எடுத்துக் கொடுப்பது, கண்ணுக்குக் கண் இடைவெளி அளப்பது, கண்ணாடிக் காலைச் சூடு காட்டி வளைத்துக் காதில் சரியாக உட்கார வைப்பது எல்லாம் நான். முகத்துக்குப் பொருந்தாத ஃபிரேமை எடுத்தால் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். "இதைப் போட்டீங்கன்னா ஆந்தை மாதிரி இருப்பீங்க சார், வைங்க கீழ." அதற்காகவே வருகிற ஆட்களும் உண்டு.

ஒருநாள் ஒரு தொழிற்சாலை மேனேஜர் வந்தார். அவர்கள் தொழிலாளர்களுக்கெல்லாம் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டுமாம். பெரிய ஆர்டர். என் வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரியப் பேசிக்கொண்டிருந்தார். நான் மாதிரி ஃபிரேம்களைத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். மேனேஜர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்காவும் கூட இருந்து உதவி பண்றாங்களா? ரொம்ப நல்லது," என்றார்.

அக்கா! இவர் என்னைவிட மூன்று வயது பெரியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலைக்கும் மீசைக்கும் கறுப்பு அடித்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தெரியும்? சரி, அந்த ஆள் தெரியாமல் கேட்டார், விட்டுத் தள்ளுங்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஆமா ஆமா," என்றார்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம், கையிலிருந்த தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆள் போன பிறகு பிடித்து உலுக்கினேன். "வியாபாரத்துல இதையெல்லாம் திருத்திக்கிட்டு இருக்க முடியுமாம்மா? அவருக்குச் சங்கடமா இருக்கும்ல?" என்றார். அவருக்குச் சங்கடமாம்! முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளை ஒரு நொடியில் கூடப் பிறந்தவளாக்கினாரே, எனக்கு எப்படி இருக்கும்?

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அதே ஆள் முன்னால், இவர் வாயால், "இவ என் மனைவி" என்று சொல்ல வேண்டும். கெஞ்சிக் கேட்டு வாங்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. இவர் வாயை என்னால் மாற்ற முடியாது, என் முகத்தையாவது மாற்றிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். என் காசு, என் முகம். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில், "நல்லா யோசிச்சியாம்மா?" என்றாள். யோசித்தேன் என்றேன். கோபத்தில் யோசிப்பதும் யோசனைதானே.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. கன்னத்தின் நீலம் மெல்ல மஞ்சளாகிக் கழுத்துக்கு இறங்கியது. கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல மரத்துக் கிடந்தது. காதும் அப்படித்தான். தையல் காதைச் சுற்றி ஓடுவதால் கண்ணாடி போடக் கூடாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட நான், என் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தேன்.

என் வீட்டுக்காரருக்கோ அது பொற்காலம். இத்தனை வருஷம் என்னிடம் சொல்லப் பயந்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். போன மாதம் கடை நிலைக்கண்ணாடி தானாக விழவில்லையாம், உடைத்தது இவர்தானாம். கோபப்படாதே, டாக்டர் சொல்லியிருக்கார். கண்ணாடிக் கால் வளைக்க நான் ஆசையாக வாங்கி வைத்த ஹீட்டரைப் பக்கத்துக் கடைக்காரருக்கு இரவல் கொடுத்து அவர் அதைக் கெடுத்துவிட்டாராம். கோபப்படாதே, ரத்தம் கசியும். கேட்கிறவர்களிடமெல்லாம் எனக்குப் பல்லில் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். கோபப்படாதே. நான் பல்லைக் கடிக்கக்கூட முடியாமல் தலையணையைப் பிசைந்துகொண்டு கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மீசைக்குக் கறுப்பு பூசிக்கொண்டே குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்? இருக்கிற மாதிரி இருந்துட்டுப் போறதை விட்டுட்டு," என்றார். கையில் பிரஷ்! அடப்பாவி மனுஷா. டாக்டர் மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கறுப்பை அவர் முகம் முழுக்கப் பூசியிருப்பேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் வந்திருந்தார். இவருடைய சொந்த அக்கா. பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் தனியாக இருக்கிறார். பையோடு வந்து இறங்கினார். அவரிடமும் பல் ஆபரேஷன் என்றுதான் கதை. நாத்தனார் காய்கறியை வேகவைத்து அரைத்து ஸ்பூனால் கொடுத்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று என்னை நாற்காலியில் உட்கார வைத்து முடியை ஒதுக்கினார். கை நின்றது.

"ஏம்மா, உனக்குப் பல்லு காதுக்குப் பின்னாலயா முளைச்சிருக்கு?"

சிரிக்கக் கூடாது என்பதையும் மறந்து சிரித்துத் தொலைத்தேன். தோல் சுளீரென்று இழுத்தது. அப்புறம் சிரிப்பு அழுகையாகி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேனேஜர், அக்கா, ஆமா ஆமா, எல்லாவற்றையும். நாத்தனார் என் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறதுக்குக் காசு குடுத்தவ நம்ம குடும்பத்துலயே நீ ஒருத்திதாண்டி," என்றார் முதலில். பிறகு துண்டைப் பட்டென்று உதறினார். "அக்கான்னு சொன்னானா? நான் அந்தக் கடை வாசப்படியைக்கூட மிதிச்சதில்ல. ஒரு தடவை வாக்கான்னு கூப்பிட்டதில்ல இவன். அங்க மட்டும் எனக்கு வேலை போட்டுக் குடுத்திருக்கானா?"

தையல் பிரித்தார்கள். முடிக்குள் அடித்திருந்த பின்களையும் எடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. ஒருநாள் காலையில் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்து வீட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். தாடையோரத்துத் தொங்கல் போயிருந்தது. கழுத்து நன்றாக இருந்தது. அழகாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன். கடைக்குப் போகலாம், ஆனால் இன்னும் கொஞ்ச நாள் கண்ணாடி போட வேண்டாம், கழுத்தைச் சட்டென்று திருப்ப வேண்டாம் என்று சொல்லி டாக்டர் அனுப்பினார்.

காதை மறைக்க முடியைத் தளர விட்டு, மஞ்சள் தெரியாமல் கழுத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டை நாத்தனாரே கொண்டு வருவதாகச் சொன்னார். வழக்கமாக வருகிற வாத்தியார் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "நல்லா ஓய்வெடுத்தீங்க போல, முகம் தெளிஞ்சிருக்கு," என்றார். பல் எப்படி இருக்கிறது என்று வேறு விசாரித்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கல்லாப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் நாத்தனார் சாப்பாட்டுப் பையோடு வந்து, வாசல் பக்கத்து சோபாவில் உட்கார்ந்து சுவரிலிருந்த ஃபிரேம்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கதவு திறந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்கு ஆள் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"என்ன சார், அடுத்த ஆர்டர் பேசிடலாமா? அப்படியே எனக்கும் ஒரு கண்ணாடி பாக்கணும்."

மேனேஜர். இதற்குத்தானே காத்திருந்தேன்? ஃபிரேம் தட்டையும் அளக்கிற ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு ஃபிரேமை அவர் மூக்கில் வைத்து, காலைக் காதில் மாட்டிப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையும் என்னை ஒழுங்காகப் பார்க்காத ஆள்தான். தடித்த கண்ணாடியும் கொண்டையும் இல்லாததால் சுத்தமாக அடையாளம் தெரியவில்லை.

"புதுசா ஆள் போட்டிருக்கீங்களா சார்? அந்த அக்காவைக் காணோமே?"

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லுங்க. இப்ப சொல்லுங்க. எத்தனை சுலபம் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அக்கா ஊருக்குப் போயிருக்காங்க சார்."

"எந்த அக்காடா ஊருக்குப் போனது?" என்றது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல். நாத்தனார் எழுந்து நின்றிருந்தார். "உனக்கு இருக்கிறது ஒரு அக்கா. நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். ஊருக்கு எவளைடா அனுப்பின?"

மேனேஜர் நாத்தனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூக்கில் ஃபிரேம் கோணலாகத் தொங்கியது. "அப்ப இவங்க?" என்று இவரைக் கேட்டார்.

இன்னும் ஒரு வாய்ப்பு. கடவுளே நேரில் வந்து கொடுத்த வாய்ப்பு. இவர் என்னைப் பார்த்து, ஆர்டர் கொடுக்க வந்தவரைப் பார்த்து, கல்லாப் பெட்டியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"இவங்க… நம்ம கடையில… ரொம்ப வருஷமா…"

"யோவ்!"

முப்பது வருஷத்தில் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. என் முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது, நெற்றியும் கன்னமும் கோபத்துக்கு ஒத்துழைக்கவில்லை. ஆனால் என் தொண்டையில் யாரும் ஆபரேஷன் செய்யவில்லையே.

"ரொம்ப வருஷமா என்னய்யா? சொல்லு. பொண்டாட்டின்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"தப்பு என்னுதும்மா, நான்தான் தெரியாம…" என்று மேனேஜர் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க சார். நீங்க தெரியாம கேட்டீங்க. இவர் தெரிஞ்சே சொன்னார். ரெண்டு தடவை."

"கோபப்படாதம்மா," என்று இவர் கையைக் கூப்பாத குறையாக நெருங்கி வந்தார். "டாக்டர் சொல்லியிருக்கார்ல? தையல்…"

"தையல் எல்லாம் பிரிச்சாச்சு. உன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரணும்னு ரெண்டு காதையும் சுத்தி அறுத்துக்கிட்டேன்யா நான். அப்பவும் என்னை ஊருக்கு அனுப்பிட்டியே."

இவர் தரையைப் பார்த்தபடி, "என் மனைவி சார்," என்றார். மேனேஜருக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டது. இத்தனை நாள் அதற்காக ஏங்கியிருந்தேன். வந்தபோது பிடித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கையை முறுக்கிப் பிடுங்கியதை யார் வைத்துக்கொள்வது?

மேசை இழுப்பறையிலிருந்து என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். காதுக்குப் பின்னால் வலித்தது. வலிக்கட்டும். அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. மீசையோரம் வெள்ளை தலைகாட்டியிருந்தது. பயந்திருந்தார். என்னை இழந்துவிடுவோம் என்ற பயமா, ஆர்டர் போய்விடும் என்ற பயமா என்று பார்த்தேன். பிடிபடவில்லை.

"அண்ணி, உங்க வீட்ல எனக்கு ஒரு கட்டில் கிடைக்குமா?"

"கட்டிலை நீ எடுத்துக்கோ, நான் கீழ படுத்துக்கறேன். வா," என்று நாத்தனார் பையை எடுத்தார்.

"அக்கா ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னீங்கல்ல?" என்றேன் இவரிடம். மறுபடி மரியாதை வந்துவிட்டது, பழக்கதோஷம். "இப்ப அக்காவும் போறாங்க, பொண்டாட்டியும் போறா. இனிமே யார் கேட்டாலும் தைரியமாச் சொல்லுங்க. பொய் ஆகாது."

கதவைத் தள்ளினேன். அவர் பின்னாலேயே வருவார் என்றுதான் நினைத்தேன், இப்போதும் ஒளிக்காமல் சொல்கிறேன். காலடிச் சத்தம் வரவில்லை. குரல் வந்தது.

"ஏம்மா, போறதுதான் போற… சாருக்கு அளவு யாரு எடுக்கிறது?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.