ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள்

கல்யாண சீசனில் வஜீஹாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. மேடைக்கு எதிரே நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கிற வேலை. சீசன் ஓய்ந்த மாதங்களில் மட்டும், விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று கிளம்பிவிடுவாள். கட்டடங்களிடம் "சிரிங்க", "இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. வெயில் சரியான இடத்துக்கு வரும்வரை எதிர் நடைபாதையில் பொறுமையாக நின்றால் போதும்.

தி.நகரில் எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன் கட்டிய சிமென்ட் கட்டடங்கள் என்றால் அவளுக்கு உயிர். கப்பலின் முனைபோல வளைந்த பால்கனி, வட்ட ஜன்னல், உதிக்கிற சூரியனாக வளைத்த கம்பி கிரில், முகப்பின் நெற்றியில் பொறித்த வருஷம். ஜவுளி வாங்க வருகிற கூட்டம் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. விளம்பரப் பலகைகளுக்கும் ஏசி பெட்டிகளுக்கும் நடுவே மிச்சமிருந்ததை அவள் தேடித் தேடி எடுத்து இணையத்தில் போட்டுவந்தாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷண்முகப்ரியா கூப்பிட்டாள். இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ப்ரியா இப்போது ஆர்க்கிடெக்ட். கோட்டூர்புரத்தில் சொந்தமாக அலுவலகம் வைத்திருந்தாள். வஜீஹாவைப் பெற்ற அத்தா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். சொந்தக்காரர்களில்கூட அப்படி ஒருவரும் வரவில்லை.

"ஒரு புக் போடலாம்டி," என்றாள் ப்ரியா. "தி.நகர் பழைய பில்டிங்ஸ் எல்லாம். படம் உன்னுது, எழுத்து என்னுது."

"யாரு வாங்குவா?"

"வாங்கலன்னா போகட்டும். இன்னும் பத்து வருஷத்துல இதுல ஒண்ணுகூட இருக்காது. எடுத்து வெச்சோம்னாவது இருக்கும்ல?"

வஜீஹா யோசிக்கவே இல்லை. சரி என்றாள்.

ஐந்து மாதத்தில் பதினான்கு கட்டடங்கள் ஆயின. வெளியே நின்று எடுப்பதில் சிக்கல் இல்லை. உள்ளே விடத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. பனகல் பார்க் அருகே ஒரு சந்தில் இருந்த நீலா பில்டிங்கிலும் முதலில் அதே கதைதான். கீழ்த்தளத்தில் முத்துலட்சுமி என்ற அம்மாள் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருந்தார். மாடியில் வீடு. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து முப்பத்தைந்து வருஷமாக அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்தார். கணவர் ராஜரத்தினம் ஒரு பக்கம் கை கால் விழுந்து மாடியிலேயே இருந்தார்.

"போட்டோல்லாம் வேண்டாம்மா," என்றார் முத்துலட்சுமி. "வீட்டுக்காரர் அனுப்பிச்ச ஆளுன்னா நேரா சொல்லிரு. ரெண்டு வருஷமா காலி பண்ணு காலி பண்ணுன்னு யாரையாவது அனுப்பிக்கிட்டேதான் இருக்காரு."

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. எனக்கு அவர் யாருன்னே தெரியாது. இது புத்தகத்துக்கு."

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரம், வெளியிலிருந்து எடுத்த பால்கனிப் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முத்துலட்சுமி அதைக் கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம கட்டடமா இது? இத்தனை நாளும் நான் இப்படி நின்னு பாத்ததே இல்லயே." பிறகு எழுந்தார். "சரி வா. மேல அவுக தூங்குதாக. சத்தம் போடாம எடு."

அன்று மதியம் ப்ரியாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: உள்ளே விட்டுவிட்டார்கள். உடனே பதில் வந்தது. "சூப்பர்டி. விரிசல், ஈரம், காரை பேந்தது எல்லாத்தையும் எடு. பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடு, அளவு தெரியணும். புக்ல கடைசி சேப்டர், எப்படிப் பழுது பார்க்கலாம்னு எழுதப்போறேன்."

கடையில் துணி அளக்கிற ஸ்கேலையே முத்துலட்சுமி எடுத்துக் கொடுத்தார். பின்சுவர், மொட்டைமாடிக் கைப்பிடி, கூடத்துக் கூரை என்று எங்கே விரிசல் இருந்தாலும் அவரே காட்டினார். சமையலறையில் எட்டாத இடத்தில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். கிளம்பும்போது டம்ளர் நிறைய மோர் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சீசன் வந்துவிட்டது. புத்தகம் எந்த மட்டில் இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டபோது ப்ரியா, "எழுதிட்டிருக்கேன்டி," என்றாள். வஜீஹா அதற்குமேல் தொந்தரவு செய்யவில்லை.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை முத்துலட்சுமி போன் செய்தார். குரல் மாறியிருந்தது.

"ஏம்மா, கொஞ்சம் கடைக்கு வந்துட்டுப் போறியா?"

"எதாவது விசேஷமா ஆன்ட்டி?"

"வா, சொல்லுதேன்."

கல்லாவின் மேல் ஒரு கனமான கட்டு இருந்தது. கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருப்பதால் குடியிருப்பவர்கள் உடனே காலி செய்ய உத்தரவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் போட்ட மனு. கூடவே கட்டடத்தின் நிலை பற்றிய அறிக்கை. பக்கத்துக்கு இரண்டு படம். எல்லாம் வஜீஹா எடுத்தவை.

"இது என் அடுப்படி," முத்துலட்சுமி விரலை வைத்துக் காட்டினார். "இது என் தவலை. இந்தா, ஸ்கேலைப் பிடிச்சிருக்கே, இது என் கை. வளையல பாரு."

வஜீஹா அறிக்கையைக் கையில் வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அறிக்கை தயாரித்தவர் என்ற இடத்தில் ஷண்முகப்ரியாவின் கையெழுத்து. பள்ளி நோட்டுகளில் வருஷக்கணக்காகப் பார்த்த அதே சுழி.

"எனக்குத் தெரியாது ஆன்ட்டி. சத்தியமா தெரியாது."

"அல்லா மேல சத்தியம் பண்ணுவியா?"

"அல்லா மேல சத்தியமா."

முத்துலட்சுமி அதை நம்பினாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "படமெல்லாம் எங்க வீடுதான். இது ஒண்ணு மட்டும் எதுன்னு தெரியல. இப்படி ஒரு இடம் இங்க கிடையாது," என்று ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

துருப்பிடித்த கம்பிகள் வெளியே தொங்கும் ஓர் உத்தரம். 'முதல் தளம், பின்புறம்' என்று கீழே போட்டிருந்தது. வஜீஹா பார்த்த உடனே கண்டுகொண்டாள். அடையாற்றில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பங்களா. மழைக்காலத்தில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்து, ப்ரியாவுக்கும் அனுப்பிய படம் அது.

வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தாள். கோப்பின் பெயரிலேயே அடையாறு என்று இருந்தது. தேதியும் இருந்தது. கணினியை மூடிவிட்டு, கோட்டூர்புரத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

ப்ரியா எழுந்து வந்து கையைப் பிடித்தாள். "என்னடி திடீர்னு? சாப்பிட்டியா?"

"நீலா பில்டிங் ரிப்போர்ட் பாத்தேன்."

ப்ரியா கையை விட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"புக் பொய் இல்ல வஜீ. நிஜமாவே போடணும்னுதான் ஆரம்பிச்சேன். ஒரு பதிப்பகமும் சரின்னு சொல்லல. அப்பதான் அந்த ஓனர் வந்தார். அந்த இடத்துல புது பில்டிங், டிசைன் என்னுது. எனக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை."

"நான் படம் எடுக்கறதுக்கு முன்னாடி வந்தாரா, அப்புறம் வந்தாரா?"

ப்ரியா மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"ஸ்கேல் வெச்சு எடுன்னியே, அப்பவே தெரியுமா?"

"அந்த பில்டிங் பழசு. என்னிக்கு இருந்தாலும் விழத்தான் போகுது. புதுசுல அதே வளைஞ்ச பால்கனி வெக்கறேன்டி. லாபில உன் படங்களைப் பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டறதா இருக்கோம். உன் பேரோட."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் வஜீஹாவால் தாங்க முடியவில்லை. அது பெரிய உபகாரம் என்று ப்ரியா நினைத்துக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"அடையாறு உத்தரம் எப்படி அதுல வந்துது?"

"ஃபோல்டர் மாறியிருக்கும்."

"நான் பேர் போட்டுத்தான் அனுப்பினேன். ஊர், தேதி எல்லாம்."

"வஜீ, அத பெருசு பண்ணாத. என் லைசென்ஸ் போயிடும்." ப்ரியாவின் கண் கலங்கிவிட்டது. "உங்க அத்தாவுக்கு நான் என்னல்லாம் செஞ்சேன்."

வஜீஹா எழுந்துவிட்டாள். ஆற்றுப்பாலம்வரை நடந்தே வந்தாள். அந்தப் பதினோரு நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அது நிஜமான அன்புதான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்படி இருந்தும் இதைச் செய்திருக்கிறாள் என்பதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. மொத்தமும் நடிப்பாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

மறுநாள் முத்துலட்சுமியின் வக்கீலைப் பார்த்து, எடுத்த படங்கள் அனைத்தையும் தேதியோடு கொடுத்தாள். சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்றார் அவர். வருகிறேன் என்றாள்.

சாட்சிக் கூண்டில் வீட்டுக்காரரின் வக்கீல் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"ஸ்கேல் வைத்து எடுத்தது நீங்கதானே மேடம்?"

"ஆமா."

"விரிசல் எல்லாம் நிஜமா இருந்ததுதானே?"

"இருந்தது. அந்த உத்தரம் மட்டும் இல்ல. அது அடையாறு."

"புத்தகம்னு சொல்லித்தான் அவங்க வீட்டுக்குள்ள போனீங்க. புத்தகமே கிடையாது. அப்போ பொய் சொல்லித்தானே உள்ளே போனீங்க?"

வஜீஹா முத்துலட்சுமியைப் பார்த்தாள். அவர் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"நான் சொன்னது பொய்தான். சொல்லும்போது அது பொய்ன்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் ப்ரியா நின்றிருந்தாள். வஜீஹாவைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

நீதிமன்றம் வேறொரு பொறியாளரை அனுப்பியது. பின்சுவரையும் கூரைக் காரையையும் பழுது பார்த்தால் போதும், இடிக்கிற நிலைமை இல்லை என்று அவர் எழுதினார். கார்த்திகையில் மனு தள்ளுபடி ஆனது. பழுது வேலையை வீட்டுக்காரரே செய்து தர வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அவர் மேல்முறையீடு போகலாம் என்று வக்கீல் எச்சரித்தார். ஆனால் அதற்கு வருஷங்கள் ஆகும்.

தீர்ப்பு வந்த மறுவாரம் வஜீஹா ஒரு பெட்டி இனிப்போடு கடைக்குப் போனாள். கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் இப்போது ஏதோ சாமி காலண்டர் தாள் இருந்தது.

"வந்து சாட்சி சொன்னியே, அது பெரிய விஷயம். அவுகளும் சொன்னாக," என்றார் முத்துலட்சுமி. இனிப்பை வாங்கி ஓரமாக வைத்தார். உட்கார் என்று சொல்லவில்லை.

"ஆன்ட்டி, மேல சாரைப் பாத்துட்டுப் போகலாமா?"

"வேண்டாம்மா." கோபமே இல்லாத குரல். "உன் மேல தப்பு இல்லன்னு தெரியும். ஆனா அடுப்படில நின்னு சமைக்கும்போதெல்லாம் மேல பாக்கேன். இதையும் ஒருத்தி படம் பிடிச்சு வச்சிருக்கான்னு தோணுது. அது போகமாட்டேங்குது. இன்னும் உங்கிட்ட இருக்கா?"

"கோர்ட்டுக்குக் கொடுத்தது போக, என்கிட்டயும் இருக்கு."

"அழிச்சிரு. என் முன்னாலயே."

வஜீஹா பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் துணிக் கட்டுகளின் மேல் வைத்தாள். வீட்டுக்குள் எடுத்தவை நூற்றுப் பன்னிரண்டு படங்கள். மொத்தமாக ஒரே அழுத்தில் அழித்திருக்கலாம். முத்துலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகே வந்து நின்றதால், ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி அழித்தாள். மாடிப்படி வளைவில் வெயில் விழுந்த ஒரு படம் வந்தது. அதைவிட நல்ல படம் அவள் எடுத்ததில்லை. முத்துலட்சுமி குனிந்து பார்த்தார்.

"இது நல்லாருக்கு," என்றார்.

வஜீஹா காத்திருந்தாள். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அதையும் அழித்தாள்.

முடிந்ததும் முத்துலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பெண்கள் லைனிங் துணி கேட்டு வந்து நின்றார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பி, என்ன கலர் வேண்டும் என்று கேட்டார்.